பன்னீர் ரோஜாவும் பனிநாட்டுப் பியோனியும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இவ்வாண்டு விழாவில் நானும் சில சொற்கள் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் கேட்டபோது நான் மிகவும் தயங்கினேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன்; இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ரயில்வேயில் சீட்டும் பார்சல் கணக்கும் எழுதிக் காலம் கழிப்பவன். கம்பனையும் இளங்கோவையும் பற்றிப் பேச இந்த விமான் நகரிலேயே கற்றவர் பலர் இருக்கின்றனர். இதைச் சொன்னேன். அதற்குச் செயலாளர் அவர்கள், "அண்ணாச்சி, மொட்டை மாடியில் தொட்டி தொட்டியாக வைத்திருக்கிறீர்களே, அதைப் பற்றிப் பேசுங்கள், அதற்குப் பட்டம் வேண்டியதில்லை" என்று சொல்லி என் வாயை அடைத்துவிட்டார். ஆகவே இரண்டு பூக்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒன்று உங்களில் தாய்மார் அனைவரும் தலையில் சூடியிருக்கக்கூடிய பூ. மற்றொன்று உங்களில் பலர் பெயர்கூடக் கேட்டிராத பூ. பெயர் தெரியாததை முதலில் சொல்லிவிடுகிறேன். தெரிந்ததைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றாண்டுகளுக்கு முன் உடன் பணிபுரியும் நண்பர் ஒருவரின் மகள் திருமணத்திற்குக் குடும்பத்தோடு சென்றிருந்தேன். மணமேடையில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பூக்களை அடுக்கியிருந்தார்கள். அவற்றுள் வெளிர் சிவப்பு நிறத்தில், இரு கைகளையும் குவித்தால்தான் கொள்ளும் என்னும் அளவில், இதழ்மேல் இதழாக மடிந்து கிடந்த ஒரு பூவைக் கண்டு, அப்போது ஏழு வயதாயிருந்த என் மகள் அதைவிட்டு நகர மறுத்துவிட்டாள். அலங்காரம் செய்தவர் இரக்கப்பட்டு, பாதி விரிந்த ஒன்றை அவள் கையில் கொடுத்தார். "இதன் பெயர் பியோனி, பாப்பா" என்றார். வீட்டிற்குக் கொண்டுவந்து தம்ளர் நீரில் வைத்தோம். முதல் நாள் கிண்ணம் போல் இருந்தது. இரண்டாம் நாள் தட்டுப் போல் விரிந்தது. நான்காம் நாள் காலையில் பார்த்தால் இதழ்கள் அத்தனையும் ஒரே வேளையில் உதிர்ந்து மேசைமேல் குவியலாகக் கிடந்தன. குழந்தை அழுதாள். "அப்பா, அந்தச் செடியை வாங்கிக் கொடுங்கள்" என்றாள்.

அவள் கேட்டுவிட்டாள், நானும் வாங்கினேன். தபாலில் கிழங்கு அனுப்பும் ஒரு வியாபாரிக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் செலுத்தினேன். மூன்று கிழங்குகள் வந்தன. ஒன்று வரும்போதே அழுகியிருந்தது. மற்ற இரண்டும் நான்கைந்து இலைகளை விட்டன. ஆனி ஆடி மழையில் அவையும் கறுத்துப் போயின. அந்த வியாபாரி, "புனேயில் அருமையாகப் பூக்கும்" என்று எழுதியிருந்தார். அவர் எழுதியது பொய் என்று அறிவதற்கு எனக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் ஆயிற்று. என் மனைவி அதை இன்றும் கணக்கில் வைத்திருக்கிறாள்.

பியோனி ஏன் பிழைக்கவில்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அது குளிர்நாட்டுப் பிறவி. அதன் பூச்செடி வகை சீனம், மங்கோலியா, சைபீரியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தது. குளிர்காலத்தில் தண்டும் இலையும் முழுவதும் மடிந்துவிட, மண்ணுக்கடியில் கிழங்கு மட்டும் உறங்கும். பல வாரங்கள் உறைபனிக்கு அருகான குளிரில் அது கிடந்தால்தான் பூக்கும். அந்தக் கண்களை இரண்டு அங்குலத்திற்கு மேல் ஆழமாகப் புதைத்துவிட்டாலும் இலை வருமே ஒழியப் பூ வராது என்பர். நம் புனேயில் மார்கழி, தை இரவுகளில் பத்துப் பன்னிரண்டு பாகை வரை குளிர் இறங்குவதுண்டு. நமக்கு அதுவே கம்பளி தேடும் குளிர். பியோனிக்கோ அது கோடைக்காலம்.

ஆனால் பிடித்த மண்ணில் அது வேரூன்றிவிட்டால் அதன் ஆயுள் வியக்கத்தக்கது. நட்ட முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும். பிறகு ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இடம் மாற்றாமல் அதே குழியில் பூக்கும். பாட்டி நட்டதைப் பேத்தி பறிக்கும் பூ அது. ஆண்டுக்கு ஒரே ஒரு முறை, வேனில் தொடக்கத்தில், ஒரு செடியில் ஏறத்தாழப் பத்து நாட்கள், அவ்வளவுதான். மொட்டுகளில் தேன் கசிவதால் எறும்புகள் மொய்க்கும். எறும்பு தின்றால்தான் மொட்டு விரியும் என்று மேலை நாட்டாரிடையே ஒரு நம்பிக்கை உண்டாம். அது தவறு. எறும்பு இல்லாமலும் விரியும்.

சீனர் இந்தப் பூவை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் போற்றி வருகின்றனர். கட்டைபோல் தண்டு நிற்கும் மரவகையை 'முதான்' என்கின்றனர். லோயாங் என்னும் நகரம் அதற்குப் பெயர் பெற்றது. இன்றும் ஒவ்வோர் ஏப்ரலிலும் அங்கே முதான் விழா நடக்கிறது. ஊ சே தியென் என்னும் பேரரசி குளிர்காலத்தில் எல்லாப் பூக்களும் பூக்க வேண்டும் என்று ஆணையிட்டாள் என்றும், முதான் மட்டும் மறுத்ததால் அதைத் தலைநகரிலிருந்து லோயாங்குக்கு நாடு கடத்தினாள் என்றும் ஒரு கதை சொல்வார்கள். தண்டு மடியும் செடிவகைக்கோ அவர்கள் மொழியில் 'பிரியப் போகிறோம்' என்னும் பொருள்பட ஒரு பெயரும் உண்டு. விடைபெறுவோர் கையில் கொடுக்கும் பூ அது. ரயில் நிலையத்தில் வேலை செய்பவனாதலால் இந்தச் செய்தி என் மனத்தில் தைத்தது.

நம் நாட்டிலும் பியோனி இல்லாமலில்லை. ஆப்கானிஸ்தானம் தொடங்கி மேற்கு நேபாளம் வரை இமயமலைக் காடுகளில் ஒரு வகை உண்டு. ஒற்றை அடுக்கு வெள்ளை இதழ்கள். நடுவே மஞ்சள் தூள் கட்டி. காஷ்மீரத்தில் அதை 'மாமேக்' என்பர். யூனானி மருத்துவர்கள் 'ஊத் சலீப்' என்று வாங்குவது பியோனியின் கிழங்கே. ஆக, அதைக் காண விரும்புவோர் இமயத்திற்குச் செல்ல வேண்டும். தொட்டியில் வளர்க்க விரும்பினால், ஆயிரத்து இருநூறு ரூபாயை வேறு நல்ல காரியத்திற்குச் செலவிடலாம்.

இனி ரோஜாவுக்கு வருகிறேன்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை வரிசைப்படுத்தினார் என்பதை இங்குள்ள பிள்ளைகளும் அறிவார்கள். அந்த வரிசையில் ரோஜா இல்லை. நம் நிலத்தில் அது பிற்காலத்தில் வந்து குடியேறிய பூ. பெயரைப் பாருங்கள். மராத்தியர் 'குலாப்' என்கின்றனர். பாரசீகத்தில் 'குல்' என்றால் பூ, 'ஆப்' என்றால் நீர்; குலாப் என்பது முதலில் பன்னீருக்கு இட்ட பெயர். நீரின் பெயரால் பூவை அழைத்தார்கள். நாமும் அதையேதான் செய்தோம். பன்னீர் என்று நீருக்குப் பெயரிட்டு, பிறகு அந்தப் பெயரைப் பூவின்மேல் ஏற்றிப் 'பன்னீர் ரோஜா' என்கிறோம். மொழி வேறானாலும் மூக்கு ஒன்றுதான் போலும்.

ஆனால் பன்னீர் ரோஜா என்று நாம் சொல்வது உண்மையில் எது? இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. கன்னோசியிலும் புஷ்கரிலும் அத்தர் இறக்குவதற்கு வளர்க்கும் ரோஜா 'டமாஸ்க்' என்னும் வகை. டமாஸ்கஸ் நகரத்தின் பெயரால் வந்தது. பங்குனி, சித்திரையை ஒட்டி ஆண்டுக்கு ஒரு பருவமே அது பூக்கும். குளிர் கண்ட இடத்தில்தான் செழிக்கும். ஒரு கிலோ எண்ணெய் எடுக்க ஏறத்தாழ 3,000 முதல் 4,000 கிலோ பூ வேண்டும் என்றால் அதன் விலையைச் சொல்ல வேண்டியதில்லை. மதுரை, நிலக்கோட்டைப் பூச்சந்தைகளில் கூடையில் வந்து விழும் இளஞ்சிவப்புப் பன்னீர் ரோஜாவோ ஆண்டு முழுதும் பூக்கிறது. அது டமாஸ்க் அன்று, டமாஸ்கின் பிள்ளை. அதற்கு 'எட்வர்ட்' என்று பெயர். நம் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரும் உதிரிப்பூ வகைகளில் 'எட்வர்ட்', 'ஆந்திரச் சிவப்பு' என்னும் இரண்டையே எடுத்துரைக்கின்றனர்.

எட்வர்டின் பிறப்பு வரலாறு ஒரு நாடகம் போன்றது. ஐரோப்பாவின் பழைய ரோஜாக்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை பூப்பவை. டமாஸ்கில் மட்டும் ஒரு கிளை இலையுதிர்காலத்தில் மறுபடியும் கொஞ்சம் பூக்கும். 1792 முதல் 1824 வரை சீனத்திலிருந்து நான்கு ரோஜாக்கள் ஐரோப்பா சென்றன. அவை மாதந்தோறும் பூப்பவை. அவற்றுள் ஒன்றை ஆங்கிலேயர் 'ஓல்ட் பிளஷ்' என்பர். சீனர் அதற்கு 'மாதந்தோறும் இளஞ்சிவப்பு' என்று பொருள்படப் பெயர் வைத்திருந்தனர். கிழக்கிந்தியக் கப்பல்கள் கல்கத்தாவில் தங்கிச் சென்றமையால் பிரெஞ்சுக்காரர் இவ்வகையைச் சீன ரோஜா என்று சொல்லாமல் 'வங்காள ரோஜா' என்றே வழங்கினர். வழியில் நின்ற நிலையமே பிறந்த ஊராகிவிட்டது. பயணச்சீட்டில் ஊர்ப்பெயர் தவறாக அச்சாவது இன்று நேற்றுத் தொடங்கியதன்று!

இந்துமாக்கடலில் பூர்போன் என்று ஒரு தீவு. இன்று அதை ரியூனியன் என்கின்றனர். பிரெஞ்சுக் குடியேறிகள் தம் நிலங்களுக்கு வேலியாக ஓல்ட் பிளஷையும் டமாஸ்கையும் கலந்து நட்டிருந்தனர் என்றும், அந்த வேலியில் இரண்டுக்கும் தானாகவே பிறந்த கலப்புச் செடி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது என்றும் சொல்லப்படுகிறது. 1817இல் அத்தீவின் தாவரத் தோட்டத்திற்கு வந்த பிரேயோன் என்பவர் அதைக் கண்டு, 1819இல் அதன் விதைகளைப் பாரிசுக்கு அனுப்பினார். தீவில் அதன் பெயர் 'ரோஸ் எதுவார்'. ஆங்கிலேயர் வாயில் அது எட்வர்ட் ஆயிற்று. அதன் வழி வந்த கூட்டம் முழுவதற்கும் 'பூர்போன் ரோஜா' என்று பெயர். நம் ஊரில் எட்வர்ட் என்று வழங்குவது இந்தக் குடியைச் சேர்ந்ததே.

அதே தீவுக்குத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் வழியாக நம் தமிழர் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டனர். அவர்கள் வழி வந்தோரை அங்கே 'மலபார்' என்று அழைக்கின்றனர். கோயில் கட்டித் தீமிதி நடத்தி இன்றும் வாழ்கின்றனர். சீனத்துத் தாயும் மேற்காசியத் தந்தையும் மூன்றாம் நாட்டு வேலியோரத்தில் சந்தித்துப் பிறந்த பூவை, 'நாட்டு ரோஜா' என்று நாம் உரிமையோடு சொல்கிறோம். இங்கே நம் பக்கத்து வீட்டு மராத்திய மூதாட்டியும் அதே வகைப் பூவைக் 'காவ்டி குலாப்' என்கிறார்; காவ்டி என்றால் ஊர்ப்புறத்தது, நாட்டுப்புறத்தது என்று பொருள்.

பூர்போன் கூட்டத்தில் பேரழகு வாய்ந்தது ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. 1843இல் லியோன் நகரத்து பெலூஸ் என்பவர் உண்டாக்கியது. 'சூவனீர் த லா மால்மேசோன்', அதாவது 'மால்மேசோனின் நினைவு' என்று பெயர். மால்மேசோன் என்பது நெப்போலியனின் மனைவி ஜோசபின் ரோஜா வளர்த்த மாளிகை. வெளிறிய சிவப்பில், இதழ்கள் நான்கு பாகமாக மடிந்து, தட்டையாக விரியும். என் மகள் அதன் படத்தைக் கண்டு, "இதுதான் பியோனி" என்று சாதித்தாள். அவள் மேல் தவறில்லை. உருவத்தில் அத்தனை ஒற்றுமை. குறை ஒன்று உண்டு. மழை பெய்தால் மொட்டு விரியாமல் பந்து போல் ஒட்டிக்கொண்டு அழுகிவிடும். நம் புனே ஆடி மழைக்கு அது ஏற்றதன்று.

1867இல் கியோ என்பவர் 'லா பிரான்ஸ்' என்னும் ரோஜாவை வெளியிட்டார். நீண்ட மொட்டு, உயர்ந்த நடுப்பகுதி, இடைவிடாத பூப்பு ஆகியவை கொண்ட இன்றைய ரோஜா வமிசத்திற்கு அதுவே முதலாவது எனக் கொள்கின்றனர். அமெரிக்க ரோஜாச் சங்கத்தார் 1966இல் இந்த ஆண்டையே எல்லைக்கல்லாக நாட்டினர்: 1867க்கு முன்னரே இருந்த இனங்கள் 'பழந்தோட்ட ரோஜாக்கள்', பின்னர் வந்தவை புதியவை. இங்கே தளேகாவ், மாவள் பகுதிகளில் பசுமைக்குடில்களில் வளர்ந்து, பிப்ரவரி மாதத்தில் பெட்டி பெட்டியாக விமானம் ஏறும் 'டாப் சீக்ரெட்' போன்றவை புதிய கூட்டம். முழ நீளக் காம்பு. ஒரு வாரம் வாடாத உறுதி. சிவப்போ கண்ணைப் பறிக்கும். முகர்ந்து பார்த்தால் நனைந்த காகிதத்தின் வாசம் வரும். பெட்டிக்குள் பயணம் செய்யும் வலிமையைத் தேடித் தேடி வளர்த்ததில் மணத்தைத் தவறவிட்டார்கள். பார்சல் அலுவலகத்தில் நான் இருந்த காலத்தில் நனைந்த சாக்குப் போர்த்திய பூக்கூடைகள் வரும். மல்லிகையையும் பன்னீர் ரோஜாவையும் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துச் சொல்லிவிடலாம். நீண்ட காம்பு ரோஜாவின் அட்டைப் பெட்டியைச் சீட்டைப் படித்துத்தான் அறிய முடியும்.

புதியவை எல்லாம் பொல்லாதவை என்று நான் சொல்லவில்லை. 'குரூஸ் ஆன் டெப்லிட்ஸ்' என்று 1897இல் கெஷ்விண்ட் என்பவர் உண்டாக்கிய இரத்தச் சிவப்பு ரோஜா, எல்லைக்கல்லுக்கு இப்பால் பிறந்தும் பழையவற்றின் மணத்தோடு நம் நாட்டு மாலைகளில் நிலைத்துவிட்டது. நம் காலத்திலும் கோடைக்கானலில் இருந்துகொண்டு வீரராகவன் அவர்களும் அவர் துணைவியார் கிரிஜா அவர்களும் வெப்ப நாட்டுக்கேற்ற ரோஜாக்களை உண்டாக்கப் பல ஆண்டுகள் உழைத்தனர். ஆட்சிப் பணியை விட்டுவிட்டு வந்தவர் வீரராகவன். மணிப்பூர் மலையின் 'ஜைஜான்டியா' என்னும் காட்டு ரோஜாவையும், வங்காளம், பீகார்ப் பக்கம் நீரோரத்தில் வளரும் 'கிளைனோபில்லா' என்னும் வெள்ளைக் காட்டு ரோஜாவையும் கொண்டு கலப்புச் செய்தார். பனிநாட்டுச் செடியை இறக்குமதி செய்து அழவைப்பதைவிட, நம் வெயிலில் பிறந்த காட்டுச் செடியின் குருதியைச் சேர்ப்பது அறிவுடைமை என்பதே அவர் கருத்து. அவர் தம் ரோஜாக்களுள் ஒன்றுக்குத் தாவரவியல் மேதை ஜானகி அம்மாள் பெயரைச் சூட்டினார்.

இனி என் மாடிக்கு வாருங்கள்.

என் மனைவியின் தாய் வீடு நிலக்கோட்டைக்கு அருகில் ஒரு சிற்றூர். கிணற்றடியில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பன்னீர் ரோஜாப் புதர் இருந்தது. என் மாமியார் தாம் மணமாகி வந்தபோது பிறந்தகத்திலிருந்து ஒரு குச்சி கொண்டுவந்து ஊன்றியது என்பார். சோப்பு நீரும் கஞ்சியும் தவிர அதற்கு வேறு உரமில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் என் மனைவி வண்டி ஏறுமுன் நான்கு பூப் பறித்துக் கைக்குட்டையில் முடிந்துகொள்வாள். நாகர்கோவில் வண்டி புனே வந்து சேரும்போது பூ கறுத்திருக்கும், கைக்குட்டை மணக்கும். "ஒரு குச்சி ஒடித்துக்கொண்டு போவோமே" என்று நான் சொன்னதுண்டு. "அடுத்த தடவை பார்க்கலாங்க" என்பாள். மாமியார் காலமான பின்னர் வீடு கைமாறியது. வாங்கியவர்கள் பழைய வீட்டை இடித்துக் கிணற்றை மூடித் தளம் போட்டார்கள். அடுத்த தடவை போனபோது கிணற்றடியே இல்லை.

அந்தத் துயரம் தீர வேண்டி நாற்றுப்பண்ணையில் ஒரு பெரிய ரோஜாவை வாங்கி வந்தேன். 'கிளாடியேட்டர்' என்னும் வகை, 1955இல் வெளிவந்தது, இந்த மகாராஷ்டிர நாட்டில் மிகுதியாகப் பயிரிடுவது. பூ உள்ளங்கை அகலம். என் மனைவி பார்த்துவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டாள். அதன்பின் நீர் ஊற்றியது நான்தான்.

இரண்டாண்டுகளுக்கு முன் வைகாசியில் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தோம். நீர் ஊற்றுவதாக ஒப்புக்கொண்ட பிள்ளை மறந்துவிட்டான். திரும்பி வந்தால் கிளாடியேட்டர் சுள்ளியாகக் காய்ந்து நிற்கிறது. மழை தொடங்கியதும் அடியிலிருந்து மூன்று தளிர்கள் கிளம்பின. உயிர் வந்துவிட்டது என்று மகிழ்ந்து நாற்றுப்பண்ணைக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "அது உங்கள் ரோஜா அல்ல, ஒட்டுக்குக் கீழிருந்து வருகிறது. வேர்ச்செடி. வெட்டி எறிந்துவிட்டு வேறு வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். விவரம் இதுதான்: புதிய ரோஜாக்கள் பலவும் தம் சொந்தக் காலில் உறுதியாக நிற்பதில்லை. ஆகவே வலிய வேருடைய ஒரு செடியின் தண்டில் அவற்றின் மொட்டைக் கட்டி ஒட்டவைக்கிறார்கள். மேலே இருப்பவர் ஒருவர். கீழே சுமப்பவர் வேறொருவர். சுமப்பவருக்குப் பூக்க அனுமதியில்லை, தளிர்த்தால் கிள்ளிவிடுவார்கள்.

நான் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். என் மனைவி, "பச்சையாக வருவதை ஏன் வெட்டணும்? இருந்துட்டுப் போகுது, விடுங்க" என்றாள். விட்டுவிட்டேன். விநாயகர் சதுர்த்திக்கு நான்கைந்து நாட்கள் இருக்கும்போது, விடியற்காலையில் துணி உலர்த்த மாடிக்குப் போனவள் நெடுநேரமாகியும் இறங்கி வரவில்லை. போய்ப் பார்த்தேன். ஈரத் துணி வாளியிலேயே இருந்தது. அவள் தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மூன்று பூக்கள் கொண்ட ஒரு கொத்து, இளஞ்சிவப்பு. "அம்மா வீட்டுப் பூவுங்க" என்றாள்.

ஏக்கத்தால் சொல்கிறாள் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். பிறகு குனிந்து முகர்ந்தேன். அந்தக் கைக்குட்டை என் நினைவுக்கு வந்தது. வெளிர்ப்பச்சை மெல்லிலை, கொத்துக் கொத்தாக வரும் மொட்டு, பறித்த மாலைக்குள் தளர்ந்துவிடும் இதழ் என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். பிறகு நூல்களிலும் தேடினேன். மற்ற ரோஜாக்களை ஒட்டுக் கட்டுவதற்கு நம் நாட்டில் பயன்படுத்தும் வேர்ச்செடிகளுள் எட்வர்ட் ஒன்று என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். எட்வர்டை விதையால் வளர்ப்பதில்லை. விதைத்தால் தாயைப் போல் வராது. குச்சி வெட்டி நட்டே பெருக்குகிறார்கள். அப்படியானால் கிணற்றடியில் இருந்ததும், என் தொட்டியின் அடியில் கிளாடியேட்டரைச் சுமந்துகொண்டிருந்ததும் ஒரே உடம்பின் இரு துண்டுகள். அம்மா வீட்டுப் பூ என்று அவள் சொன்னது அணியன்று, உண்மை. நாங்கள் இழந்துவிட்டதாக எண்ணியது வாங்கிய நாள் முதல் எங்கள் மாடியிலேயே இருந்திருக்கிறது.

பக்கத்து வீட்டு மூதாட்டியை நாங்கள் 'ஆஜி' என்று அழைப்போம். அவர் அந்தப் பூவைப் பார்த்ததும், கடையில் வாங்கும் குல்கந்தைக் குறை சொல்லத் தொடங்கிவிட்டார். இதழ்களையும் சர்க்கரையையும் மாறி மாறிக் கண்ணாடிப் பாத்திரத்தில் அடுக்கி மூன்று நான்கு வாரம் வெயிலில் வைத்தால் குல்கந்து தயார். புதிய ரோஜாவில் அது செய்தால் இனிக்குமே தவிர மணக்காது. இப்போது எங்கள் செடியில் பாதிப் பூ ஆஜியின் பாத்திரத்துக்கும் மீதி எங்கள் வீட்டுச் சாமி படத்துக்கும் போகிறது. என் மகள் இதற்குள் பியோனியை மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். இல்லை. "பியோனியும் இப்படித்தானா, அப்பா?" என்று கேட்டாள். ஆம், அதுவும் இப்படித்தான். 1851இல் மியேயே என்பவர் வெளியிட்ட 'பெஸ்டிவா மாக்சிமா' என்னும் வெள்ளைப் பியோனியும், நடிகை சாரா பெர்னாரின் பெயரால் 1906இல் லெமுவான் வெளியிட்ட இளஞ்சிவப்புப் பியோனியும் விதையால் இன்றுவரை வந்தவை அல்ல. இலையுதிர்காலத்தில் கிழங்கைத் தோண்டி, மூன்று முதல் ஐந்து கண் இருக்கும்படி அறுத்து, ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்ததால் வந்தவை. மணமேடையில் அவள் கண்ட பூ, பெர்னாரைக் கண்டவர்கள் கண்ட அதே செடியின் துண்டாகக்கூட இருக்கலாம்.

இதையெல்லாம் இன்று நான் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் கட்டடத்தின் மொட்டை மாடிக்கு நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு போடப் போகிறார்கள். மார்ச்சு மாத முடிவுக்குள் தொட்டிகள் அனைத்தையும் அகற்ற வேண்டும் என்று அறிவிப்பு வந்துவிட்டது. மேல் மாடியில் குடியிருப்பவர்களின் கூரை ஒழுகுவது உண்மை. அவர்களை நான் குறை சொல்ல இயலாது. எங்கள் வீட்டுப் பால்கனியோ வடக்கு நோக்கியது, வெயிலே விழாது. இரண்டாண்டுச் செடி, வேர் தொட்டியின் அடித்துளை வழியாக வெளியேறித் தளத்தின் வெடிப்பில் இறங்கியிருக்கிறது. பெயர்த்தால் பிழைக்குமோ என்னவோ.

ஆகவே சென்ற அக்டோபரில், மழை ஓய்ந்து கவாத்துச் செய்யும் பருவத்தில், வெட்டிய குச்சிகளை எறியாமல் இருபத்திரண்டு குச்சிகளை எண்ணெய்த் தகரங்களில் ஊன்றினேன். பென்சில் பருமன், ஒரு சாண் நீளம், நான்கு கணு. இரண்டு கணு மண்ணுக்குள், இரண்டு வெளியே. கீழ்வெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக இருக்க வேண்டும். மணலும் செம்மண்ணும் மக்கிய சாணமும் சம பாகம். நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டேன். வேர் பிடித்ததா என்று இழுத்துப் பார்க்கும் கெட்ட பழக்கத்தால் மூன்றை நானே கொன்றேன். நான்கு தாமாகவே காய்ந்தன. பதினைந்து தளிர்த்திருக்கின்றன.

அந்தப் பதினைந்தும் இப்போது இம்மண்டபத்தின் வாசலில், செருப்பு விடும் இடத்திற்குப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று ஆஜிக்கு என்று முன்பே சொல்லிவிட்டேன். அதில் அவர் பெயர் எழுதியிருக்கிறது, அதைத் தொட வேண்டாம். மீதி பதினான்கு. நாளொன்றுக்கு ஐந்து ஆறு மணி நேரம் வெயில் விழும் பால்கனி உள்ளவர்கள் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் இல்லாதவர்கள் ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டாம். வைகாசியில் ஊருக்குப் போகிறவர்கள் தொட்டியைப் பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடம் ஒப்படைத்துச் செல்லுங்கள், சிறுவர்களிடம் வேண்டாம். எடுத்துச் செல்பவர்கள் தம் பெயரையும் வீட்டு எண்ணையும் செயலாளர் அவர்களிடம் உள்ள நோட்டில் குறித்துவிட்டுப் போனால், எங்கள் தாய்ச்செடி பிழைக்காமல் போகுமானால் அடுத்த அக்டோபரில் ஒரு குச்சி கேட்டு என் மனைவி உங்கள் வீட்டுக்கு வருவாள்.